நெப்போலியன் தோற்ற களங்கள்

1798-இல் எகிப்தில் ஒட்டப்பட்ட பிரெஞ்சு அறிவிக்கைகளில் படைத்தலைவர் கையெழுத்திட்ட முறை சற்று விநோதமானது. 28 வயது நெப்போலியன் போனபார்ட் தன் பெயரோடு இரண்டு பதவிகளைச் சேர்த்துக்கொண்டார். முதலில் ‘தேசிய அறிஞர் கழகத்தின் உறுப்பினர்’. ‘தலைமைத் தளபதி’ என்பது அதற்குப் பிறகுதான் வரும். பாரிசின் அந்தக் கழகம் முந்தைய டிசம்பரில்தான் அவரை இயந்திரவியல் பிரிவில் சேர்த்திருந்தது. அந்த இடம் காலியாக இருந்ததற்குக் காரணமும் அரசியலே. அதில் இருந்த கணித அறிஞர் லசார் கார்னோ, ஆட்சிக் கவிழ்ப்பு ஒன்றில் உயிர் தப்பி நாட்டைவிட்டு ஓடியிருந்தார். ஆகவே இது படிப்புக்காக மட்டும் கிடைத்த மரியாதை என்று நம்ப நாம் அத்தனை அப்பாவிகள் இல்லை.

ஆனாலும் அந்த ஆளுக்குக் கணக்கு வரும். 1769-இல் கோர்சிகா தீவின் அஜாக்சியோவில் பிறந்தவர். ஜெனோவாவிடமிருந்து பிரான்ஸ் அந்தத் தீவை வாங்கி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. பாரிசின் ராணுவப் பள்ளியில் அவர் தேர்ந்தெடுத்தது பீரங்கிப் பிரிவு. பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் குதிரைப் படைக்குப் போவார்கள்; பீரங்கிக்குக் கோணமும் தூரமும் மருந்தின் எடையும் தெரிந்தாக வேண்டும். 1785-இல் அவருக்குத் தேர்வு வைத்தவர் லாப்லாஸ், கோள்களின் இயக்கத்தைச் சமன்பாடுகளில் அடக்கிய அதே லாப்லாஸ். பையன் தேறினான். பதினாறு வயதில் துணை லெப்டினன்ட்.

அதற்குப் பிறகான கதை ஊரறிந்தது. 1799-இல் ஆட்சியைப் பிடித்தார், 1804-இல் பேரரசரானார், ஐரோப்பாவின் பாதியை மடக்கினார், 1815-இல் எல்லாவற்றையும் இழந்தார். ஆஸ்டர்லிட்சில் பெற்ற வெற்றியின் பெயரைப் பாரிஸ் ஒரு ரயில் நிலையத்துக்கு வைத்திருக்கிறது. லண்டனில், அவர் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூவின் பெயரில் ஒரு நிலையம் இருக்கிறது. வெற்றிகள் வரைந்த எல்லைக் கோடுகளை, அவரை வென்றவர்கள் கூடிய வியன்னா மாநாடு அழித்துவிட்டது. தங்கியவற்றுள் பெரியது 1804-இன் குடிமைச் சட்டத் தொகுப்பு. அது புதுச்சேரிக்கும் வந்தது. 1881-இன் ஆணைப்படி தங்கள் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற குடும்பங்களின் வாரிசுகளுக்கு, திருமணத்திலும் சொத்திலும் அதன் நிழல் இன்றும் உண்டு.

சட்டத்தை விட்டுவிட்டு அறிவியலை மட்டும் எடுத்துக்கொண்டால் கணக்கு தலைகீழாகிறது. அந்த மனிதர் எங்கெல்லாம் படுதோல்வி அடைந்தாரோ, அங்கிருந்துதான் அறிவியலுக்கு அதிகம் கிடைத்திருக்கிறது. எகிப்து, கரும்புத் தீவுகள், ருஷ்யா, கடைசியில் செயின்ட் ஹெலீனா. வரிசையாகவே பார்க்கலாம்.

எகிப்துப் படையெடுப்பின் நோக்கம் இங்கிலாந்தின் இந்திய வழியை மறிப்பது. 1799 ஜனவரியில் கெய்ரோவிலிருந்து திப்பு சுல்தானுக்கு நெப்போலியன் கடிதமும் எழுதினார். அது ஆங்கிலேயர் கையில் சிக்கியது. மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்தார். அதற்கு முன்பே, 1798 ஆகஸ்டில், அபுகிர் விரிகுடாவில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் நெல்சன் பிரெஞ்சுக் கப்பற்படையை நொறுக்கிவிட்டிருந்தார். வந்த படை திரும்ப வழியில்லை. ஓராண்டு கழித்துத் தளபதி படையை விட்டுவிட்டு நழுவினார். மிச்சப் படை 1801-இல் சரணடைந்தது. போர் என்ற கணக்கில் முழு நஷ்டம்.

ஆனால் அந்தக் கப்பல்களில் சிப்பாய்களோடு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட அறிஞர்களும் வந்திருந்தார்கள். கணிதர்கள், வேதியியலாளர்கள், தாவர வல்லுநர்கள், ஓவியர்கள், பொறியாளர்கள். ஆய்வுக் கருவிகளை ஏற்றிவந்த கப்பல் அலெக்சாந்திரியா அருகே மூழ்கிப்போனது. நிக்கோலா கோன்தே என்பவர் கெய்ரோவிலேயே பட்டறை போட்டு எல்லாவற்றையும் புதிதாகச் செய்து கொடுத்தார். நாம் எழுதும் பென்சிலும் இவர் கைவண்ணம்தான். இங்கிலாந்தின் நல்ல கிராஃபைட் போரால் நின்றுபோனபோது, மட்டமான கிராஃபைட் தூளைக் களிமண்ணில் பிசைந்து சுட்டு முனை செய்யும் வழியை 1795-இல் கண்டுபிடித்தார். களிமண் கூடினால் முனை கடினமாகும், குறைந்தால் கறுப்பாக எழுதும்.

கெய்ரோவில் ஒரு கழகம் தொடங்கியது. தலைவர் கணிதர் காஸ்பார் மோன்ழ், துணைத் தலைவர் நெப்போலியன். முதல் கூட்டத்தில் அவர் எழுப்பிய கேள்விகளைப் படித்தால் சிரிப்பும் மதிப்பும் ஒன்றாக வருகின்றன. ரொட்டி அடுப்பில் எரிபொருளை மிச்சம் பிடிப்பது எப்படி, நைல் நீரைத் தெளிய வைப்பது எப்படி, இந்த மண்ணில் பியர் காய்ச்ச ஹாப்ஸுக்கு மாற்று உண்டா. சமையல்கட்டையும் படைமுகாமையும் நடத்தத் தெரிந்தவனின் கேள்விகள்.

அலெக்சாந்திரியாவிலிருந்து கெய்ரோவுக்கு நடந்த படை தாகத்தில் தவித்தது. எதிரே ஏரி தெரியும், ஓடினால் மணல்தான். சிப்பாய்கள் இதைச் சாபம் என்று நினைத்தபோது, கூட நடந்த மோன்ழ் இதற்கு ஒளியியல் விளக்கம் எழுதினார். கொதிக்கும் மணலை ஒட்டிய காற்று மெலிந்திருக்கிறது, மேலே உள்ள காற்று அடர்ந்திருக்கிறது. வானத்திலிருந்து சாய்வாக இறங்கும் ஒளி, மெலிந்த அடுக்கை நெருங்கும்போது சிறிது சிறிதாக வளைந்து, தரையைத் தொடாமலேயே மேல்நோக்கித் திரும்பிக் கண்ணுக்கு வருகிறது. ஒளி நேராகத்தான் வந்திருக்கும் என்பது மூளையின் பிடிவாதம். அதனால் வானத்தின் ஒரு துண்டைத் தரையில் கிடக்கும் நீராகக் காட்டிவிடுகிறது. உச்சிவெயிலில் தார்ச்சாலையில் நாம் காண்பதும் இதே வானம்தான்.

இதைவிட ஆழமானது வேதியியலாளர் குளோது பெர்தொல்லே பார்த்தது. கெய்ரோவுக்கு வடமேற்கே நேட்ரான் ஏரிகள் இருக்கின்றன. அவற்றின் கரையில் சோடா உப்பு வெள்ளை வெள்ளையாகப் படிந்து கிடந்தது. பழைய எகிப்தியர்கள் உடல்களைப் பதப்படுத்திய அதே உப்பு. பெர்தொல்லே திகைத்தார். பாரிஸ் ஆய்வகத்தில் சோடாவையும் கால்சியம் குளோரைடையும் கரைத்துக் கலந்தால் சுண்ணாம்பும் சமையல் உப்பும் கிடைக்கும். ஏரியில் நடப்பது அதற்கு நேர் எதிர்: உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து சோடா உண்டாகிறது. எந்தப் பொருள் எதனோடு சேரும் என்பது அவற்றின் இயல்பான ஈர்ப்பால் தீர்மானிக்கப்பட்டது, அதை மாற்ற முடியாது என்று அன்றைய வேதியியல் நம்பிக்கொண்டிருந்தது. ஏரியோ அதைப் பொருட்படுத்தவில்லை. அங்கே சுண்ணாம்புக்கல்லும் உப்பும் ஏராளம். உண்டாகும் சோடா கரையில் படிந்து விலகிக்கொண்டே இருக்கிறது. ஆகவே வினை பின்னோக்கி ஓடுகிறது. வேதிவினை எந்தத் திசையில் போகும் என்பதைப் பொருட்களின் இயல்போடு அவற்றின் அளவும் முடிவு செய்கிறது என்று பெர்தொல்லே எழுதினார். இன்று பள்ளியில் வேதிச் சமநிலை படிக்கும் பிள்ளைகள் அந்த உப்புக் கரையில்தான் நிற்கிறார்கள்.

ரொசெட்டா கல்லின் கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1799 ஜூலையில் ஒரு கோட்டையைப் பழுதுபார்க்கும்போது சிப்பாய்கள் கண்டெடுத்தார்கள். ஒரே ஆணை, மூன்று எழுத்துகளில். சரணாகதி ஒப்பந்தத்தில் கல் ஆங்கிலேயருக்குப் போய் லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் முன்கூட்டியே மைப் பிரதிகள் எடுத்துவைத்திருந்தார்கள். எனக்குச் சுவையாகப் படுவது அதன் பின்கதை. எகிப்துக் கழகத்தின் செயலாளராக இருந்த ழோசப் ஃபூரியேவை, திரும்பியதும் நெப்போலியன் கிரெனோபில் பகுதிக்கு மாவட்ட ஆட்சியராக அனுப்பினார். கணிதப் பேராசிரியர் வேலைக்குத் திரும்ப ஆசைப்பட்டவருக்கு இது தண்டனை போலத்தான். அதே கிரெனோபிலில் மொழிப் பைத்தியம் பிடித்த பள்ளிச் சிறுவன் ஒருவன் இருந்தான். பெயர் ஷாம்போலியோன். எகிப்தின் கதைகள் அவனுக்கு ஃபூரியேவின் வட்டத்திலிருந்து கிடைத்தன. 1822-இல் கல்லிலிருந்த பழைய எகிப்திய எழுத்தின் பூட்டைத் திறந்தவன் அவனே.

ஆட்சியரும் சும்மா இருக்கவில்லை. சதுப்பு நிலங்களை வடிய வைத்தார், மலைப்பாதை போட்டார், மீதி நேரத்தில் வெப்பத்தைப் பற்றி யோசித்தார். எகிப்திலிருந்து வந்ததிலிருந்து அவருக்கு எப்போதும் குளிர். அறையைச் சூடாக வைத்துப் போர்த்திக்கொண்டு இருப்பாராம். ஓர் இரும்புக் கம்பியில் அங்கங்கே வெவ்வேறு சூடு இருக்கிறது. நேரம் போகப்போக அது எப்படிப் பரவும்? ஃபூரியேவின் பதில் துணிச்சலானது. சூடு எவ்வளவு தாறுமாறாகப் பரவியிருந்தாலும், அதைச் சீரான அலைகள் பலவற்றின் கூட்டலாக எழுதிவிடலாம். ஒவ்வோர் அலையும் மற்றவற்றைக் கண்டுகொள்ளாமல் தன் வேகத்தில் தேயும். நெருக்கமான சிற்றலைகள் சட்டென மறையும், நீண்ட பேரலை கடைசிவரை நிற்கும். கூர்மையான முனையுள்ள வடிவத்தை வளைந்த அலைகளால் கட்ட முடியும் என்பதை லக்ராஞ்சு போன்ற கணித மேதைகளே ஒப்பவில்லை. 1807-இல் கொடுத்த கட்டுரை நூலாக வெளிவர 1822 ஆனது. இன்று எம்ஆர்ஐ எந்திரம் உடலிலிருந்து வரும் சைகைகளைப் படமாக்குவதும், கைப்பேசி நம் குரலைச் சுருக்கி அனுப்புவதும் இந்தக் கூட்டலைக் கொண்டுதான்.

அறிவியலின் புரவலர் என்று அவரைப் புகழ்வோர் பலர். அவர்கள் 1802-ஐத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிரெஞ்சுப் புரட்சி ஒழித்த அடிமை முறையை அந்த ஆண்டு மே மாதச் சட்டத்தால் குடியேற்றத் தீவுகளுக்குத் திரும்பக் கொண்டுவந்தவர் இதே கழக உறுப்பினர். ஐரோப்பாவுக்குச் சர்க்கரை கொடுத்துவந்த செயின்ட் டொமிங்கோ குடியேற்றத்தில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களை அடக்கத் தன் தங்கை கணவர் லெக்லேர் தலைமையில் பெரும்படை அனுப்பினார். படையை அந்த மக்களின் போரும் மஞ்சள் காய்ச்சலும் சேர்ந்து தின்றன. லெக்லேரும் காய்ச்சலில் செத்தார். 1804-இல் அந்தக் குடியேற்றம் ஹெய்ட்டி என்ற சுதந்திர நாடானது. அமெரிக்கக் கண்டத்தில் கனவு கலைந்ததால் லூசியானா நிலப்பரப்பை 1803-இல் அவர் ஒன்றரைக் கோடி டாலருக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு விற்றார். அந்த நாடு ஒரே கையெழுத்தில் இரு மடங்கானது.

இப்போது சர்க்கரைக்கு எங்கே போவது? கடல் இங்கிலாந்து கையில். 1806-இல் ஐரோப்பாவின் துறைமுகங்களை ஆங்கிலச் சரக்குக்கு அடைத்தவர் அவரே. கரும்புச் சர்க்கரையின் விலை ஏறியது. ஜெர்மன் வேதியியலாளர் மார்க்கிராஃப் 1747-லேயே பீட்ரூட்டில் இருப்பது கரும்பில் உள்ள அதே சர்க்கரை என்று காட்டியிருந்தார். நம் பொரியலுக்கு வரும் சிவப்புக் கிழங்கின் வெள்ளை உறவு அது. அவருடைய மாணவர் அஷார்ட் சைலீசியாவில் ஆலையும் வைத்திருந்தார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1811-இல் நெப்போலியன் 32,000 ஹெக்டேரில் பீட்ரூட் பயிரிட ஆணையிட்டார். 1812 ஜனவரியில் பாரிசுக்கு அருகே பாசியில் பெஞ்சமின் தெலெசேர் என்பவர் ஆலையில் நல்ல வெள்ளைச் சர்க்கரை வந்துவிட்டதென்று கேள்விப்பட்டு நேரில் போய், தன் மார்பிலிருந்த பதக்கத்தைக் கழற்றி அவருக்குக் குத்தினார். பேரரசு விழுந்ததும் கரும்புச் சர்க்கரை திரும்பி வந்து பல ஆலைகளை மூடியது. தொழில்நுட்பம் சாகவில்லை. இன்று உலகின் சர்க்கரையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பீட்ரூட்டிலிருந்து வருகிறது.

இதில் ஒரு கொடூரமான உபகதை. பீட்ரூட் சாறு பழுப்பாக இருக்கும். அதை வெளுக்க எலும்புக் கரி வேண்டும். காற்றில்லாமல் சுட்ட எலும்பின் நுண்துளைகள் நிறப்பொருட்களைத் தம் பரப்பில் பிடித்துவைத்துக்கொள்ளும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சர்க்கரை ஆலைகள் எலும்புக்கு நல்ல விலை கொடுத்தன. வாட்டர்லூவில் ஆயிரக்கணக்கானோர் செத்தும் அங்கே கிடைத்த எலும்புக்கூடுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. புதைகுழிகளைத் தோண்டி எலும்புகளை ஆலைகளுக்கு விற்றிருக்கிறார்கள் என்று, பழைய ஆவணங்களைக் கொண்டு சில வரலாற்றாய்வாளர்கள் அண்மையில் வாதிடுகிறார்கள். எல்லோரும் ஏற்ற முடிவல்ல. ஆனாலும் அவர் தொடங்கிவைத்த சர்க்கரையை அவருடைய சிப்பாய்களே வெளுத்துக் கொடுத்திருக்கலாம் என்ற எண்ணம் என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

ருஷ்யாவுக்கு வருவோம். 1869-இல், 88 வயதான ஓய்வுபெற்ற பாலப் பொறியாளர் ஷார்ல் மினார், 1812-இல் ருஷ்யா மீது படையெடுத்த நெப்போலியனின் படைக்கு நேர்ந்ததை ஒரே தாளில் படமாக வரைந்தார். போலந்து எல்லையில் நியேமன் ஆற்றைக் கடக்கும் 4,22,000 பேர் ஒரு தடித்த பட்டை. பத்தாயிரம் பேருக்கு ஒரு மில்லிமீட்டர் அகலம். கிழக்கே போகப்போகப் பட்டை மெலிகிறது. மாஸ்கோவில் 1,00,000. திரும்பும் படை கறுப்புப் பட்டை. பெரெசினா ஆற்றில் 50,000 சட்டென 28,000 ஆகிறது. எல்லைக்கு வந்துசேரும்போது 10,000, ஒரு கோடு. கீழே, திரும்பும் வழியின் வெப்பநிலை தனியாக இறங்கிக்கொண்டே போகிறது. இடம், திசை, எண்ணிக்கை, தேதி, குளிர் எல்லாம் ஒரே பார்வையில். தரவுகளைப் படமாக்கும் கலையைக் கற்பிப்போர் இன்றும் முதலில் காட்டும் படங்களில் ஒன்று அது.

ருஷ்யக் குளிர் படையைக் கொன்றது என்பதுதான் நாம் கேட்டு வளர்ந்த கதை. மினாரின் படத்தை நிதானமாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பட்டை பெரும்பாலும் மெலிவது போகும் வழியில், ஜூனுக்கும் செப்டம்பருக்கும் இடையில், கோடையில். அங்கங்கே காவலுக்கு நிறுத்தியவர்களைக் கழித்தாலும் இழப்பு பெரிது. வெள்ளீயப் பொத்தான்கள் குளிரில் பொடியாகிச் சட்டை திறந்து சிப்பாய்கள் விறைத்தார்கள் என்ற கதையையும் இங்கேயே முடித்துவிடலாம். 13 டிகிரிக்குக் கீழே தூய வெள்ளீயம் வேறோர் உருவத்துக்கு மாறி நொறுங்கும் என்பது உண்மை. ஆனால் அது மிக மெதுவாக நடப்பது. சிறிது வேறு உலோகம் கலந்திருந்தாலே தடைபடும்.

அப்படியானால் கொன்றது எது? 2001-இல் லித்துவேனியத் தலைநகர் வில்னியுசில் கட்டட வேலைக்காகத் தோண்டியபோது பெரும் புதைகுழி ஒன்று வெளிப்பட்டது. சீருடைப் பொத்தான்களும் 1812-க்கு முந்தைய நாணயங்களும் ஆட்களை அடையாளம் காட்டின. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் எலும்புகள். நோய்க்கிருமி தேட இறந்தவர் உடலில் மிக நல்ல இடம் பல்லின் உள்கூழ். உயிரோடிருந்தபோது அதில் ரத்தம் ஓடியது. கிருமி ரத்தத்தில் இருந்தால் அங்கும் இருந்திருக்கும். இறந்தபின் பற்சிப்பி அதை மூடிப் பாதுகாக்கிறது. 2006-இல் பிரெஞ்சு ஆய்வுக்குழு 35 சிப்பாய்களின் பற்களைச் சோதித்து, பேன் பரப்பும் அகழிக் காய்ச்சலின் கிருமியையும் டைஃபஸ் கிருமியையும் கண்டதாக அறிவித்தது. மண்ணில் பேன்களின் துண்டுகளும் கிடைத்தன. டைஃபஸ் பேனால் பரவுகிறது என்று உலகுக்குத் தெரிந்தது 1909-இல்தான், ஷார்ல் நிக்கோல் வழியாக. 1812-இன் சிப்பாய்க்குப் பேன் வெறும் அரிப்பு.

கதை அங்கே முடியவில்லை. 2025-இல் பாஸ்டர் நிறுவன ஆய்வாளர்கள் அதே குழியிலிருந்து வேறு 13 பேரின் பற்களை எடுத்து, கிடைத்த மரபணுத் துணுக்குகள் அனைத்தையும் படித்தார்கள். பழைய முறை குறிப்பிட்ட ஒரு கிருமியைத் தேடும். புதிய முறை இருப்பதையெல்லாம் அள்ளி, பின்னர் பிரிக்கும். இம்முறை கிடைத்தவை பாராடைஃபாய்டு கிருமியும், பேன் பரப்பும் மறுகாய்ச்சலின் கிருமியும். டைஃபஸ் தட்டுப்படவில்லை. மூவாயிரத்தில் 13 என்பது மிகச் சிறிய மாதிரி. பழைய முடிவு பொய்யென்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் அந்தப் படையைத் தாக்கியது ஒரே நோய் அல்ல, பசியும் அழுக்கும் அழைத்துவந்த நோய்க்கூட்டம் என்ற பக்கமே என் நம்பிக்கை சாய்கிறது.

கடைசித் தோல்வி செயின்ட் ஹெலீனா. அட்லாண்டிக் நடுவே ஒரு பாறைத் தீவு. 1815 அக்டோபரில் ஆங்கிலேயர் அவரைக் கைதியாக அங்கே இறக்கினார்கள், 1821 மே 5-இல் 51 வயதில் செத்தார். பிணக்கூறு செய்த மருத்துவர்கள் இரைப்பையில் பெரும் புண்ணைப் பார்த்தார்கள். விஷம் வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு ஓயவில்லை. 1961-இல் ஸ்வீடனின் பல் மருத்துவர் ஃபோர்ஷுஃப்வுட்டும் கிளாஸ்கோவின் ஹாமில்டன் ஸ்மித்தும் அவருடைய தலைமயிரில் ஆர்செனிக் இருப்பதாகக் காட்டினார்கள். மயிரை அணு உலையில் வைத்து நியூட்ரான்களால் தாக்கினால், அதிலுள்ள ஆர்செனிக் அணுக்கள் கதிரியக்கம் பெற்றுத் தமக்கே உரிய காமா கதிரை வீசும். கதிரை எண்ணினால் அளவு தெரிந்துவிடும். மயிர் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், துண்டு துண்டாக ஆராய்ந்தால் எந்த மாதம் எவ்வளவு என்றுகூடச் சொல்லலாம். அவர் வாழ்ந்த லாங்வுட் வீட்டின் சுவர்க்காகிதத்திலும் அன்றைய பச்சைச் சாயத்தோடு ஆர்செனிக் இருந்ததைப் பின்னர் கண்டார்கள். ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் அந்தச் சாயத்திலிருந்து நச்சுவாயு வரும்.

ஒரு கேள்விக்கு மட்டும் வெகுநாள் போதிய கவனம் கிடைக்கவில்லை: அந்தக் காலத்து மற்றவர்களின் மயிரில் எவ்வளவு இருந்தது? 2008-இல் இத்தாலிய இயற்பியலாளர்கள் அதை அளந்து பார்த்தார்கள். கோர்சிகாச் சிறுவனாக இருந்தபோது வெட்டிய மயிர், முன்பு நாடுகடத்தப்பட்டு எல்பா தீவில் இருந்தபோது வெட்டிய மயிர், செத்த அன்று எடுத்தது. கூடவே மனைவி ஜோசஃபினுடையது, மகனுடையது. இன்று உயிரோடிருப்பவர்கள் சிலருடையது. பழைய மயிரில் எல்லாம், யாருடையதானாலும், இன்றைய அளவைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு ஆர்செனிக். சிறுவனுக்கும் கைதிக்கும் பெரிய வேறுபாடில்லை. சாயம், மருந்து, எலிப்பாஷாணம் என்று அந்தக் காலமே ஆர்செனிக்கில் ஊறிக் கிடந்திருக்கிறது. கொலையாளி யாரென்று தேடியவர்களுக்கு ஒரு நூற்றாண்டின் வீட்டுக் காற்று எப்படி இருந்தது என்ற விடை கிடைத்தது.

1821-இன் மருத்துவர் குறிப்புகளை இன்றைய புற்றுநோயாளிகளின் படங்களோடு ஒப்பிட்ட 2007-இன் ஆய்வு, முற்றிய இரைப்பைப் புற்று என்கிறது. அப்பாவும் வயிற்று நோயில்தான் செத்தார் என்பதால் குடும்ப நோய் என்று முன்பு சொன்னார்கள். அந்த ஆய்வாளர்களோ ஹெலிகோபாக்டர் பாக்டீரியா உண்டாக்கிய நாள்பட்ட அழற்சியை நோக்கிக் கை காட்டுகிறார்கள். இரைப்பையில் ஒரு கிருமி வாழ முடியும் என்பதையே மருத்துவ உலகம் 1980-களில்தான் நம்பத் தொடங்கியது. உறுதி செய்ய வேண்டுமானால் திசு வேண்டும். உடல் 1840-இலிருந்து பாரிசின் இன்வாலித் கட்டடத்தில், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய சவப்பெட்டிகளுக்குள் இருக்கிறது. ஆய்வாளர்கள் கையில் இருப்பது சில கற்றை மயிரும் அந்த மருத்துவர்கள் எழுதிய காகிதங்களும்தான்.